பழைய ஆப்டிபிளக்ஸில் கிராபிக்ஸ் கார்டு: முதலில் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படியுங்கள்

உங்கள் டெல் ஆப்டிபிளக்ஸ் 7010-இல் ஆர்எக்ஸ் 580 கார்டு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) மாற்ற வேண்டாம், ஒரு கன்வெர்ட்டர் ஒயர் போட்டால் போதும் என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி ஒரு கார்டைப் பற்றியதுதான். ஆனால் அதற்கு முன்னால் மூன்று தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். விஸ்காம் படிக்கும் மகள் வீடியோ எடிட் செய்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. மகன் ஜிடிஏ 5 கேம் போட்டால் படம் படமாக நகர்கிறது. காலையில் ஆன் செய்தால் டெஸ்க்டாப் வந்து நிற்கவே நாலு நிமிடம் ஆகிறது. இந்த மெஷினில் இன்னும் காசு போடலாமா, போட்டால் எதில் முதலில் போடுவது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

மதுரையில் 17 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். வங்கியிலும் ஐ.டி. கம்பெனியிலும் கழித்துவிட்ட டெல், எச்பி சிபியுக்கள் செகண்ட் ஹேண்டில் வந்து குவிய ஆரம்பித்ததிலிருந்து, வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார். அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். கார்டின் பெயரைக் கடைசியில் பார்ப்போம். மெஷின் எவ்வளவு கரண்ட் கொடுக்கும், பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

எஸ்.எம்.பி.எஸ். 275 வாட் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே உங்களுடையது மினி டவர் (நிமிர்ந்து நிற்கும் கேபினட்) என்று சொல்லிவிடலாம். அதே 7010-இல் படுக்கவைத்துப் பயன்படுத்தும் டெஸ்க்டாப் மாடலுக்கு 250 வாட், ஒல்லியான சின்ன கேபினட்டுக்கு 240 வாட். மினி டவராக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், முழு உயரக் கார்டு உள்ளே நிற்கும். ஒல்லி கேபினட் என்றால் பாதி உயரக் கார்டுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இன்னொன்று: இதே 7010 என்ற எண்ணை டெல் 2023-இல் 13ஆம் தலைமுறைச் செயலி உள்ள புது மெஷினுக்கும் வைத்துவிட்டது. யூடியூபில் "7010-இல் இந்தக் கார்டு ஓடுகிறது" என்று யாராவது காட்டினால், அது 2012-இல் வந்த உங்கள் மெஷின்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கரண்ட் கணக்கு. உங்கள் ஐ5-3470 செயலிக்கு இன்டெல் கொடுத்திருக்கும் அளவு 77 வாட். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 40, 50 வாட் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 580 முழு வேலையில் இருக்கும்போது இழுப்பது 185 வாட். கூட்டினால் 300-ஐத் தாண்டுகிறது. 275 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இது நடக்காது. விண்டோஸ் வரும், யூடியூப் ஓடும், கடையிலேயே போட்டுக் காட்டினால் நன்றாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கேம் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் பட்டென்று ஆஃப் ஆகும். லேபிளில் மொத்த வாட்டைப் பார்ப்பதைவிட 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். செயலியும் கார்டும் சாப்பிடுவது இந்தப் பங்கிலிருந்துதான். 12 வோல்ட் இரண்டு வரியாகப் பிரித்து எழுதியிருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் இவ்வளவு வாட் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு.

அந்தக் கன்வெர்ட்டர் ஒயரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆபத்து. ஆர்எக்ஸ் 580-க்கு 8 முனை பவர் கனெக்டர் வேண்டும். அந்தக் கனெக்டர் 150 வாட் வரை கொடுக்கும் என்பது தரக்கணக்கு. உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அப்படி ஒரு ஒயரே கிடையாது. அதனால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரிலிருந்து 8 முனையாக மாற்றும் ஒயரைக் கொடுக்கிறார்கள். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று மெல்லிய முனைகள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அந்த வழியாக 100 வாட்டுக்கு மேல் இழுத்தால் முனை சூடாகும், பிளாஸ்டிக் உருகும். இது நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற வகை இல்லை, எத்தனை நாளில் என்பது மட்டும்தான் மாறும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் பையன் ஒருவன் இரண்டு வருடத்துக்கு முன்பு சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான். திறந்ததும் கருகிய வாடை. கனெக்டர் உருகி, பக்கத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் பவர் முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கார்டு பிழைத்தது. மூன்று கல்யாணத்தின் ஃபுட்டேஜ் இருந்த டிஸ்க் பிழைக்கவில்லை. யாரோ ஒரு கடையில் நல்லெண்ணத்தோடுதான் அந்த ஒயரைக் கொடுத்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தயவுசெய்து நீங்கள் அதை வாங்காதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் மினி டவரில் மாற்றலாம். போர்டில் இருப்பது வழக்கமான 24 முனை சாக்கெட், சாதாரண ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். பொருந்தும். இதற்கு அடுத்து வந்த 9020-இல் டெல் அதை மாற்றி, தன் சொந்த 8 முனை சாக்கெட் வைத்துவிட்டது, அதற்குத் தனியாக அடாப்டர் தேட வேண்டும். ஆனால் நல்ல கம்பெனியின், மின்திறனுக்கான 80 பிளஸ் முத்திரை உள்ள 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் காசையும் கார்டின் விலையோடு சேர்த்துப் பாருங்கள். பெட்டியில் 450 என்று அச்சடித்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதைவிட டெல்லின் பழைய 275 எவ்வளவோ மேல். அதோடு, அவ்வளவு செலவு செய்து ஆர்எக்ஸ் 580 போட்டாலும் நான்கு கோர், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலை) உள்ள ஐ5-3470 அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்காது. பல கேம்களில் கார்டு பாதி வேலை செய்துவிட்டுச் செயலிக்காகக் காத்திருக்கும். ஜிடிஏ 5-இல் நகரத்துக்குள் வண்டி ஓட்டும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆக, உங்களுக்கு வேண்டியது தனி பவர் ஒயர் கேட்காத கார்டு. கார்டைச் சொருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகவே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டு என்றால் உங்கள் கணக்கு சுமார் 200 வாட்டில் நின்றுவிடும். சில ஆபீஸ் மெஷின்களில் அந்த ஸ்லாட்டுக்கே 75-ஐவிடக் குறைந்த வரம்பு வைத்திருப்பார்கள், ஒல்லி கேபினட்களில் இது அதிகம். மேனுவலில் எழுதியிருக்கும், சில போர்டுகளில் ஸ்லாட் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். வேறு மெஷின் வைத்திருந்து இதைப் படிப்பவர்கள் அதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இந்த வரம்புக்குள் நான் முதலில் கைகாட்டுவது ஜிடிஎக்ஸ் 1650. 2019-இல் வந்தது, 4 ஜிபி மெமரி, 75 வாட். ஆனால் இதே பெயரில் 6 முனை பவர் கேட்கும் மாடல்களும் நிறைய இருக்கின்றன, அதனால் கார்டின் ஓரத்தில் கனெக்டர் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஒற்றை ஃபேன் உள்ள சின்ன மாடல் 15 முதல் 18 சென்டிமீட்டர் நீளம்தான், உங்கள் கேபினட்டில் டிஸ்க் கூண்டில் இடிக்காது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ விலை இன்னும் குறைவு, 2016-இல் வந்தது, அதுவும் 75 வாட், பத்து வருடமாக நல்ல பெயர். இருந்தாலும் நான் 1650-ஐச் சொல்வதற்குக் காரணம் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் குடும்பத்துக்கு, அதன் சிப்பைச் செய்யும் என்விடியா 2025 அக்டோபரோடு கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு அது ஒரு குறைதான். மிகக் குறைந்த விலைக்கு, தெரிந்தவர் கையிலிருந்து கிடைத்தால் மட்டும் 1050 டிஐ எடுங்கள்.

புதிதாகவே வேண்டும், காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் இருக்கிறது. 2024-இல் வந்தது, 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குப் பவர் ஒயர் தேவையில்லை. அதே பெயரில் 8 ஜிபி மாடலுக்கு ஒயர் வேண்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தக் கார்டு விஷயத்தில் உறுதியும் சந்தேகமும் கலந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மின்சாரக் கணக்கு சரியாக வரும், அது உறுதி. ஆனால் 2012 வயது போர்டில் புதுக் கார்டு போட்டால் சில சமயம் டிஸ்ப்ளே வராது. பயாஸை (மெஷினைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) கடைசிப் பதிப்புக்கு ஏற்றி, பூட் முறையைப் பழைய லெகஸியிலிருந்து புதிய யூஇஎஃப்ஐ-க்கு மாற்றியதும் வந்த மெஷினும் உண்டு, என்ன செய்தும் வராத மெஷினும் உண்டு. விண்டோஸை லெகஸி முறையில் ஏற்றியிருந்தால் பூட் முறையை மாற்றியதும் விண்டோஸ் கிளம்பாது, அதையும் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் உங்கள் சிபியுவைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், அல்லது திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், பார்த்தால் பொருத்தமாகத் தெரியும். ஆனால் அது பிசிஐ 4.0-க்காகச் செய்த, நான்கு லேன் (டேட்டா போகும் தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, உங்கள் போர்டின் பிசிஐ 3.0-இல் அதன் பாதை பாதியாகக் குறுகிவிடும். வீடியோ எக்ஸ்போர்ட்டுக்கு உதவும் என்கோடரும் அதில் கிடையாது, ஆகவே உங்கள் மகளுக்குப் பயன் குறைவு. இன்டெல் ஆர்க் ஏ380 நல்ல கார்டு, ஆனால் ரீசைசபிள் பார் என்ற, கார்டின் மெமரி முழுவதையும் செயலி ஒரேயடியாக எட்டும் வசதி உள்ள போர்டில்தான் ஒழுங்காக ஓடும், இன்டெல்லே 10ஆம் தலைமுறைக்குக் கீழே அதைப் பரிந்துரைப்பதில்லை. ஜிடி 710, ஜிடி 730 இரண்டும் இன்றும் புது டப்பாவில், சீல் பிரிக்காமல் கிடைக்கின்றன. டப்பாதான் புதிது, உள்ளே இருப்பது பத்து வருடத்துக்கு மேல் பழைய சிப், டிரைவரும் நின்றுபோனது. ஜிடி 1030-இல் டிடிஆர்4 மெமரி உள்ள மாடல் ஒன்று இருக்கிறது, அதன் மெமரி வேகம் ஜிடிடிஆர்5 மாடலில் பாதிகூட இல்லை, பெயர் மட்டும் ஒன்று.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதென்றால் இரண்டு பயம் இருக்க வேண்டும். ஒன்று போலிக் கார்டு. பழைய ஜிடிஎஸ் 450 மாதிரிக் கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கிறார்கள். விண்டோஸிலும் 1050 டிஐ என்றுதான் காட்டும். இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. பாஸ்கல் சிப்பில் விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் வெளியீடு கிடையாது. ஆகவே 1050 டிஐ என்று சொல்லி, பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் இருக்கும் கார்டை யாராவது நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய், கார்டு மாட்டிய மெஷினில் ஓடவிட்டுப் பாருங்கள். 1050 டிஐ என்றால் ஜிபி107 சிப், 768 ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னக் கோர்). 1650 என்றால் டியு117 சிப், 896 ஷேடர். 192 என்று வந்தால் போலி. போலி என்று கண்டுபிடித்தால் அந்த மென்பொருளே பெயருக்கு முன்னால் எழுதிக் காட்டும். இரண்டாவது பயம் மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலையில், உழைத்த கார்டு. 2022 செப்டம்பரில் எத்தேரியம் மைனிங் முடிவுக்கு வந்ததும் ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்பதாலேயே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன், நன்றாக ஓடுபவற்றையும் பார்க்கிறேன். ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அவை மாற்றக்கூடியவை. மெமரி சிப் எவ்வளவு வெந்திருக்கிறது என்பதைத்தான் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது, எனக்கும் முடியாது. அரை மணி நேரம் கேமோ, கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளோ ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, வெப்பம் 85 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதோடு நம் சோதனை முடிகிறது.

இனி மகளின் எடிட்டிங். செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். வீடியோ திக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்க்கட்டும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, சிபியு (இங்கே செயலி) நிற்கிறதா, ராம் நிரம்பியிருக்கிறதா? நீங்கள் சொல்லியிருக்கும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் 8 ஜிபி ராமும் இருக்கும் மெஷினில் பெரும்பாலும் டிஸ்க்தான் 100-இல் நிற்கும். அதற்கு எந்தக் கார்டும் மருந்தில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் போட்டால் நாலு நிமிடக் காத்திருப்பு அரை நிமிடத்துக்குள் வந்துவிடும், இதைப் பந்தயம் கட்டிச் சொல்வேன். ராமை 16 ஜிபி ஆக்குங்கள், டிடிஆர்3 செகண்ட் ஹேண்டில் மலிவு. சிபியு 100-இல் நின்றால், பெரும்பாலும் போனில் எச்.265 என்ற சுருக்கும் முறையில் எடுத்த வீடியோதான் காரணம். உங்கள் செயலிக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸுக்கு அந்த வகையை ஹார்டுவேரில் விரிக்கத் தெரியாது, எல்லாச் சுமையும் நான்கு கோர் மேல் விழும். 1650-க்குத் தெரியும், எடிட்டிங் மென்பொருள் அதைப் பயன்படுத்தினால் நல்ல வித்தியாசம் இருக்கும். கார்டு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். போன் கேமரா செட்டிங்கில் எச்.264-க்கு மாற்றி எடுக்கச் சொல்லுங்கள், மென்பொருளில் பிராக்சி (எடிட்டுக்கு மட்டும் லேசான நகல்) செய்து எடிட் செய்யச் சொல்லுங்கள். காசில்லாமலே பாதித் தொல்லை தீரும். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளின் சமீபப் பதிப்புகளுக்கு 6ஆம் தலைமுறை இன்டெல் செயலியாவது வேண்டும், உங்களுடையது 3ஆம் தலைமுறை. கல்லூரியில் அதைத்தான் கேட்கிறார்கள் என்றால் இந்த மெஷினுக்குக் கார்டு வாங்குவதில் அர்த்தம் இல்லை.

மகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பு 1650-இல் 1080பி-யில் நன்றாகவே ஓடும். ஆனால் வாலரன்ட் கேம் விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், உங்கள் மெஷினில் இருப்பது பழைய 1.2. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது, உங்கள் செயலி விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலிலும் இல்லை. ஏவிஎக்ஸ்2 என்ற வசதி செயலியில் இல்லாததால் சில புதுக் கேம்கள் திறக்கவே திறக்காது, எந்தக் கார்டு போட்டாலும் அப்படித்தான்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், அடுத்த மெஷினுக்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளில் மட்டும் காசைப் போடுவேன். இந்த மாதம் எஸ்.எஸ்.டி., ராம். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் தேவை இருந்தால் ஒயர் கேட்காத 1650. எஸ்.எஸ்.டி.யும் கார்டும் நாளைக்கு எந்த மெஷினிலும் ஏறும். ராமுக்குப் போகும் சிறு தொகை இங்கேயே நின்றுவிடும், அது பரவாயில்லை. ஐ7-3770 செயலி இதே சாக்கெட்டில் உட்காரும், அதே 77 வாட், 8 திரெட். மலிவாக வந்தால் எடிட்டிங்குக்கு உதவும், தேடிப்போய் வாங்க வேண்டாம்.

கார்டை மாட்டுவது பத்து நிமிட வேலை. பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்ட்டை இறக்கிவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள். ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கி சொடுக்கும் வரை நேராக அழுத்துங்கள். திறந்ததோடு திறந்ததாக உள்ளே இருக்கும் தூசியையும் ஊதிவிடுங்கள். மானிட்டர் கேபிளை இனிமேல் கார்டில்தான் சொருக வேண்டும். மதர்போர்டிலேயே விட்டுவிட்டு கார்டு வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் நிறையப் பேர். உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்படும், அந்த ஒரு கன்வெர்ட்டரில் எந்த ஆபத்தும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். லேபிளையும் மானிட்டரின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், 12 வோல்ட் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.